திங்கட்கிழமைக்குச் சமையல் இல்லை

சனிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து, வருகிற ஏழு நாளுக்கும் என்ன சமையல் என்று எழுதிவிட்டால் வீட்டில் பாதிச் சண்டை வராது, இன்ஸ்பெக்டர் மேடம். நீங்களும் செய்து பாருங்கள். நேரம் காலம் இல்லாத உங்கள் வேலைக்கு அது ரொம்ப உதவும்.

எங்கள் ராயபுரம் வீட்டில் இருபத்து மூன்று வருடமாக அப்படித்தான். மாதா கோயில் காலண்டரில் முடிந்துபோன மாதத்தைக் கிழித்து, ஐந்தாக வெட்டி, வாரத்துக்கு ஒரு துண்டின் பின்பக்கம் கோடு போடுவேன். கிழமை, காலை, மத்தியானம், ராத்திரி, கடைசியில் எத்தனை தட்டு. வெள்ளிக்கிழமை கவிச்சி கிடையாது. ஞாயிறு பூசை முடிந்து வரும் வழியில் காசிமேட்டில் மீன். தாளை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டால் அப்புறம் மாற்ற மாட்டேன். அடித்தல் திருத்தல் எனக்கு ஆகாது.

என் வீட்டுக்காரர் யேசுதாஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஆறே காலுக்கு வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும். ஆறு பத்துக்கு நான் தோசைக்கல்லைக் காய வைப்பேன். நல்ல மனிதர். குடித்ததில்லை, கை நீட்டியதில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள். அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவருக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். அங்கே நர்ஸ் என் கையில் இரண்டு தாள் கொடுத்தாள். ஒன்றில் அவர் சாப்பிடக்கூடியவை, இன்னொன்றில் தொடவே கூடாதவை. முதல் தாளை வைத்துத்தான் எழுதினேன். காயை வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டினேன், உப்பைக் குறைத்தேன், குடிக்கிற தண்ணீரைக்கூட அளந்து பாட்டிலில் வைத்தேன். "நாக்கு செத்துப்பூச்சு எல்சி" என்று கெஞ்சுவார். ஒரு நாளும் நான் மசியவில்லை. இவர் இவ்வளவு தூரம் வந்ததற்கு உங்கள் சமையல்தான் காரணம் என்று டாக்டரே சொன்னார்.

அதே டாக்டர்தான் ஆரம்பத்திலேயே இன்னொன்றும் சொல்லியிருந்தார். இருதயம் பலவீனமாகிவிட்டதாம். "எப்ப வேணும்னாலும் நடக்கலாம்மா. நாளைக்கும் ஆகலாம், அஞ்சு வருஷமும் போகலாம். தயாரா இருங்க."

எப்ப வேண்டுமானாலும் என்றால் எப்படித் தயாராக இருப்பது? அன்றைக்கு என்னைப் பயம் பிடித்தது. பேனாவை எடுத்தால் புதன்கிழமைக்கு மேல் கை ஓடாது. சனிக்கிழமைக்கு எத்தனை தட்டு என்று எழுதுவேன்? தினமும் காலையில் அரிசி களைவதற்கு முன்னால் அவர் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பேன். மூச்சு பட்டால் மூன்று டம்ளர். படுவதற்கு முன்னால் இருக்கிற அந்த ஒரு நொடி இருக்கிறதே, என் விரல் நடுங்கும்.

ஒரு தடவை டயாலிசிஸில் மயங்கிவிட்டார் என்று மூன்று நாள் ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள். திரும்பி வந்து பார்த்தால் அடுப்பு மேல் வவ்வால் மீன் குழம்பு நுரைத்துக் கிடந்தது. அதைக் கொட்டிவிட்டு நின்ற இடத்திலேயே அழுதேன். பக்கத்து வீட்டு ரெஜினா, அவரை நினைத்து அழுகிறேன் என்று தோளைத் தட்டிக் கொடுத்தாள். நல்ல பெண், அவளிடம் போய் என்ன விளக்குவது.

இப்படி எழுநூறு காலை. ஒரு மனுஷி எவ்வளவுதான் தாங்குவாள்?

அதனால் அந்த நாளை நானே குறித்தேன். போன மாதம் முதல் வாரம். எங்கள் ஒரே மகள் ஜானட், காட்டுப்பள்ளியில் ஒரு சரக்குக் கம்பெனியில் வேலை செய்கிறாள். தோழி கீர்த்தியின் கல்யாணத்துக்காக சனிக்கிழமை காலையிலேயே நெல்லூர் போய்விட்டாள், திங்கள்தான் திரும்புவாள். வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் ஆகிவிட்டால் அடுத்தது செவ்வாய். நடுவில் சனியும் ஞாயிறும் நர்ஸ் கொடுத்த இரண்டாவது தாளைப் பார்த்துச் சமைத்தேன். விஷம் கிஷம் எதுவும் இல்லை மேடம். கீரை, கருவாட்டுக் குழம்பு, பழம், இளநீர். மார்க்கெட்டில் எல்லோரும் வாங்குகிற சாமான்தான், அவர் இரண்டு வருடமாக ஏங்கிக் கிடந்ததுதான்.

முதல் வாய் வைத்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "இன்னா எல்சி, மனசு எறங்கிட்டியா?" என்றார். இரண்டு நாளைக்குத்தானே, நன்றாகச் சாப்பிடுங்கள் என்றேன். நான் பொய் சொல்வதில்லை.

ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டு எழுந்தவர், கால் மரத்துப்போகிற மாதிரி இருக்கிறது என்று ஃபிரிட்ஜைப் பிடித்துக்கொண்டு நின்றார். நின்றவர் தாளைப் படித்தார்.

"திங்கக்கெழம இன்னாத்துக்குக் காலியா கீது?"

நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"செவ்வாயும் காலியா கீது. புதங்கெழம ரெண்டு தட்டுன்னு போட்டுகீற. ஜானட்டு வந்துரும், மூணுதானே எல்சி?"

சாவு விழுந்த வீட்டில் அடக்கம் முடிகிற வரைக்கும் நாங்கள் அடுப்புப் பற்றவைக்க மாட்டோம். அக்கம்பக்கத்தில் இருந்துதான் சாப்பாடு வரும். அதனால் அந்த இரண்டு நாளையும் வெறுமனே விட்டிருந்தேன். சமைக்காத நாளுக்குச் சமையல் எழுத எனக்குக் கை வராது. என் தவறு அதுதான். சும்மாவாவது ஒரு ரசம் என்று எழுதியிருந்தால் மனிதர் நிம்மதியாகப் போயிருப்பார்.

அவர் இந்தத் தெருவில் பிறந்து வளர்ந்தவர், எத்தனை சாவு வீட்டுக்குச் சோறு தூக்கிக்கொண்டு போயிருப்பார். புரிந்துவிட்டது. "பயமா கீது எல்சி. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போ" என்றார். காலையில் போகலாம் என்றேன். போனைத் தேடினார். அதை அரிசி டின்னுக்குள் வைத்திருந்தேன். மாடிப்படி இறங்க அவர் காலில் பலம் இல்லை, கூப்பிட்டுப் பார்க்கக் குரலும் எழும்பவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கும் இரண்டு வருடமாக இப்படித்தான் பயமாக இருந்தது என்று அவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார் என்றுதான் நினைக்கிறேன்.

திங்கட்கிழமை விடிந்ததும் மூக்கருகே விரலை வைத்தேன். நடுங்கவில்லை.

இருதயம் நின்றுவிட்டது என்று எழுதிக் கொடுத்தார்கள். யாருக்கும் அதில் ஆச்சரியம் இல்லை. ரெஜினா வீட்டிலிருந்து இட்லி வந்தது, எதிர்வீட்டிலிருந்து சோறும் சாம்பாரும் வந்தது. செவ்வாய் சாயங்காலம் அடக்கம். கல்லறையிலிருந்து வந்த ஜானட், தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜுக்குப் போனவள், தாளுக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டாள்.

அன்றிலிருந்து நான் ஒரு வாய் சாப்பிட்ட பிறகுதான் அவள் தட்டில் கைவைத்தாள். வேலையிலிருந்து ஒரு நாள் ஏழு மணிக்கு வருவாள், ஒரு நாள் ஒன்பதாகும், ஒரு நாள் சாப்பிட்டுவிட்டேன் என்பாள். கேட்டால், "எப்ப வருவேன்னு சொல்ல முடியாதும்மா" என்றாள். அவள் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. எடுத்து வைத்த சோறு ஆறிக் கிடக்கும், நான் பால்கனியில் நின்று கம்பெனி பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கம்பியைப் பிடித்த விரல் மறுபடியும் நடுங்க ஆரம்பித்தது. ஐந்து வாரம் பொறுத்துக்கொண்டேன்.

நேற்று சனிக்கிழமை, வழக்கம்போல் எழுதி ஒட்டினேன். அதைத்தான் கிழித்து எடுத்துக்கொண்டு, ஆட்டோ பிடித்து, உங்களிடம் ஓடி வந்திருக்கிறாள். பேச முடியாமல் அழுதாள் என்றீர்கள். பாவம், சின்ன வயதிலிருந்தே அவளுக்கு எதற்கெடுத்தாலும் பயம்.

தாளை இப்படித் திருப்புங்கள், நானே படிக்கிறேன். ஞாயிறு இரண்டு தட்டு. திங்கள் இரண்டு. செவ்வாய் இரண்டு. புதனும் வியாழனும் காலி. வெள்ளியிலிருந்து ஒரு தட்டு.

அவருக்குச் செய்தது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். ஆனால் ஜானட்டை நான் ஒன்றும் செய்ய மாட்டேன் மேடம், பெற்றவள் நான். ஹாஸ்டலுக்கு எங்கேயாவது போய்விடுவாள் என்று நினைத்துத்தான் ஒரு தட்டு என்று போட்டிருப்பேன். நடுவில் அந்த இரண்டு நாளை எதற்குக் காலியாக விட்டேன் என்றுதான் எனக்கே ஞாபகம் வரவில்லை.