அக்கா உடம்பில் என் சிறுநீரகம்

சிரிக்கச் சிரிக்கப் பேசச் சொல்லி என்னைச் சிக்கவைத்த தலைவர் அவர்களே! ஆன்ற அறிவுடைய பெரியோர்களே! பிள்ளைக்குத் தடுப்பூசி போடும்போது தாமும் சேர்ந்தழுத தாய்மார்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

நம் உடலுக்குள் ஒரு படை இருக்கிறது. உறங்காத படை! ஊதியம் கேட்காத படை! கிருமி நுழைந்தால் வெள்ளணுக்கள் வளைக்கும், பிடிக்கும், விழுங்கும். ஒருமுறை பார்த்த பகையை ஆண்டுக்கணக்கில் மறக்காது. நானோ கல்யாண நாளையே மறப்பவன். சிரிக்காதீர்கள் ஐயா, என் மனைவி முன்வரிசையில்தான் இருக்கிறாள்!

ஆனால் அந்தப் படைக்குப் பாசம் தெரியுமா? அக்கா தம்பி உறவு தெரியுமா?

தையற்கடை நடத்தும் என் அக்காவுக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்தன. என்னுடையதில் ஒன்றைக் கொடுத்தேன். என் உடம்பில் உருப்படியாக உழைத்த உறுப்பு அதுதான்! அதையும் 'அந்நியன்' என்றது அக்காவின் படை. அந்தப் படையை அடக்கிவைக்க ஆயுளுக்கும் மாத்திரை.

ஊரில் காய்ச்சல் பரவியது. ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்தவர்களெல்லாம் அறிவுரையும் கொடுத்தார்கள்: "எதிர்ப்புச் சக்திய ஏத்துங்கக்கா!" அக்கா யோசித்தாள். தான் விழுங்குவதோ அதைக் குறைக்கிற மாத்திரை! யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டாள். முதலில் நன்றாகத்தான் இருந்தாள், அதுதான் கொடுமை! பிறகு கால் வீங்கியது. தையல் மெஷினை மிதிக்க முடியவில்லை.

"ஏன்க்கா நிறுத்துன?"

"காய்ச்சல்ல நான் போய்ட்டா, நீ குடுத்த கிட்னி வீணாப் போயிடுமேடா."

என்ன சொல்வேன் அவையோரே! மருத்துவர்கள் ஊசிமேல் ஊசி போட்டார்கள். படை பணியவில்லை. காக்க வந்த படை, காப்பாற்ற வந்ததையே கொன்று தீர்த்தது. யாரை நொந்துகொள்வது? அறிவுரை சொன்னவர்களையா? அன்பால் பயந்தவளையா? கடமை தவறாத அணுக்களையா?

"இனி அது வேலை செய்யாதுங்க" என்றார் மருத்துவர்.

"எங்கிட்ட இன்னொண்ணு இருக்கே சார்!"

படுக்கையிலிருந்து அக்கா அதட்டினாள்: "வாய மூடுடா கோமாளி. அப்புறம் உனக்கு யாரு குடுப்பா?"

நம்பிக்கையூட்டி முடிப்பது மேடை மரபு. தேடிப் பார்த்தேன், என்னிடம் இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன், கெஞ்சிக் கேட்கிறேன்: உறுப்பு மாற்றிக்கொண்டவர் உங்களுக்குத் தெரிந்தவர் என்றால், அவருக்கு வைத்தியம் சொல்லாதீர்கள்! மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்த விடாதீர்கள்!

இந்நேரம் அக்காவின் இரத்தத்தை இயந்திரம் சுத்தம் செய்துகொண்டிருக்கும். அருகில் நான் இருக்க வேண்டும். பொறுமையாகக் கேட்டீர்கள், நன்றி. எல்லோரும் நலமாக இருங்கள். வருகிறேன், வணக்கம்.