காளையை அவிழ்த்த வண்டி

மதுரையில் குடை ரிப்பேர் செய்து பிழைப்பவனுக்குப் பொழுது நிறையக் கிடைக்கும் ஐயா. மழை எப்போதாவது வரும். அதுவரை தெருவைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். எந்த மருமகள் எந்த மாமியாரோடு பேசுவதில்லை, யார் வீட்டுக்குக் கறி வருகிறது, யார் வீட்டுக்கு வெறும் எலும்பு வருகிறது, எல்லாம் கடைப் பலகையில் உட்கார்ந்தபடியே எனக்குத் தெரியும். ஜனங்கள் இதைப் புறணி என்பார்கள். நான் கவனிப்பு என்பேன்.

டிரைவர் தவசி குடித்துவிட்டு ஓட்டினான், அதனால்தான் வெற்றிலை வண்டி வாய்க்காலில் விழுந்தது என்று அவனை ஸ்டேஷன் லாக்கப்பில் வைத்திருக்கிறீர்கள். அது தப்பு. அதைத் திருத்திவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன். சிஹாபுதீன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

எதிர் வீட்டு நைனா முகமது எனக்குப் பால்ய சிநேகிதர். சோழவந்தானிலிருந்து வெற்றிலை எடுத்து வந்து இங்கே மொத்த வியாபாரம் செய்கிறவர். அவருடைய மைத்துனர் ஒரு பிளஷர் கார் வாங்கினார். அந்த வாரத்திலிருந்து நைனாவுக்குச் சோறு இறங்கவில்லை. அவர் சம்சாரம் மெஹருன்னிசாவின் கையில் கிடந்த தங்க வளையல் கண்ணாடி வளையலாக மாறிய மறுவாரம், வாசலில் ஒரு குட்டி லாரி வந்து நின்றது. அதுவும் ஒரு காலத்தில் பிளஷர் காராக இருந்ததுதான். பின்பாதியை அறுத்தெறிந்துவிட்டுப் பலகைத் தொட்டி வைத்திருந்தார்கள். முன்னால் பார்த்தால் ஜமீன்தார், பின்னால் பார்த்தால் கோழிக்கூடு.

யுத்தம் வந்து பெட்ரோலுக்குக் கூப்பன் போட்டதும் நைனாவுக்கு யோசனை வந்தது. இரண்டு நடை போவதற்குப் பதிலாக ஒரே நடையில் முடித்துவிட்டால் என்ன? தொட்டியில் ஏற்றுவதை ஏற்றிக்கொண்டு, பின்னால் ஒரு பாரவண்டியைக் கோத்து இழுத்து வந்துவிடலாம். வண்டியிலிருந்து காளைகளை அவிழ்த்தார். முன்மரத்தை லாரியின் பின்புற இரும்பில் மாட்டி முளை அடித்தார். இனி ஒரே கேள்வி: இந்தக் குட்டி லாரி எம்புட்டு இழுக்கும்?

அந்தக் கேள்வி எங்கள் தெருவைப் பிடித்துக்கொண்டது. தொழுகை முடிந்து வெளியே வருகிறவர்கள் அதைப் பேசினார்கள். பேன் பார்க்கும் பெண்கள் அதைப் பேசினார்கள். லாரியை வாழ்நாளில் தொட்டிராதவர்கள்தான் அதிகமாக இழுக்கும் என்றார்கள்.

வெள்ளிக்கிழமை பரீட்சை வைத்தார்கள். தெருவில் உடம்பு கனத்தவர்களாகப் பொறுக்கிப் பாரவண்டியில் உட்கார வைத்தார் நைனா. நானும் ஏறக் காலைத் தூக்கினேன்.

“நீ எங்க மாப்ள ஏறுற? நீ ஏறுனா வண்டி எடை கொறைஞ்சிரும்ல” என்றார்.

தெரு முழுக்கச் சிரித்தது. மாடியில், ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்தும் சிரிப்புச் சத்தம் கேட்டது. மெஹருன்னிசாவின் சிரிப்பு எனக்குத் தெரியும். தூக்கிய காலை இறக்கிவிட்டு ஓரமாக நின்றுகொண்டேன். கோபமெல்லாம் இல்லை. ஒல்லியானவனை ஒல்லி என்பதில் என்ன கோபம்?

லாரி இழுத்தது. நன்றாகவே இழுத்தது. தெருக்கோடி வரை போய்த் திரும்பியது. வண்டியில் இருந்தவர்கள் மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரிக் கையை ஆட்டினார்கள். “பாத்தியளா, பாத்தியளா” என்று நைனா எல்லார் முதுகிலும் தட்டினார். நான் பார்த்தது வேறு. லாரி நிற்கும்போது பின்வண்டி உடனே நிற்கவில்லை. முன்னால் போகிறவனின் முதுகில் கையை வைத்துத் தள்ளுகிற மாதிரி, லாரியை ஒரு முழம் தள்ளிவிட்டுத்தான் நின்றது. சமதரையிலேயே அப்படி.

அன்று சாயங்காலம் அவரிடம் போய்ச் சொன்னேன். “மச்சான், இழுக்கிறது இஞ்சின். நிறுத்துறது பிரேக்கு. நீங்க இஞ்சினைத்தான் சோதிச்சிருக்கீக. இறக்கத்துல காளை பின்னங்காலை ஊனி, பிடரியைக் குடுத்துல்ல வண்டியத் தாங்கும்? பாரவண்டிக்குப் பிரேக்கே அந்தப் பிடரிதான். காளைய அவுத்தப்பவே பிரேக்கையும் அவுத்துட்டீகளே.”

பருத்திக் கிடங்கு எடைமேடையில் லாரியை நிறுத்தி அதன் சொந்த எடையைத் தெரிந்துகொண்டு, அதில் பாதிக்கு மேல் பின்னால் கட்டாதீர்கள் என்றும் சொன்னேன். எத்தனையோ நாள் ரோட்டைப் பார்த்து, இறக்கத்தில் எந்த வண்டி எதைத் தள்ளுகிறது என்று கவனித்துச் சேர்த்த கணக்கு அது.

நைனா வெற்றிலையை மென்றபடியே கேட்டார். பிறகு டிரைவரைக் கூப்பிட்டார். “ஏலேய் தவசி, இங்க வா. குடைக்காரர் லாரி பாடம் நடத்துறாரு, கேட்டுக்க.” அப்புறம் என் பக்கம் திரும்பி, “மாப்ள, உனக்குக் கம்பி வளைக்கத் தெரியும், கதை வளைக்கத் தெரியும். இதுல தலைய விடாத” என்றார்.

மறுநாள் தெருவில் எனக்குப் ‘பிடரி பாய்’ என்று பெயர் வந்துவிட்டது. சின்னப் பிள்ளைகள் பின்னாலிருந்து வந்து என் கழுத்தைத் தொட்டுவிட்டு ஓடின. என் சம்சாரம் சாதிகாகூட, “பிடரிக்கு எண்ணெய் வைக்கட்டுமா” என்று கேட்டாள். அதையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஒன்று ஐயா. சொன்னவன் சரியாகச் சொன்னானா, தப்பாகச் சொன்னானா என்பது தெரிய வேண்டாமா? அது தெரியாமலே ஒரு மனிதனுக்குப் பெயர் வைத்துவிடலாமா?

முதல் நடைக்கு நைனாவே என்னை அழைத்தார். “வந்து கண்ணால பாரு” என்றார். போனேன்.

சோழவந்தான் கொடிக்காலில் வெற்றிலைக் கட்டுகளை வைக்கோலில் சுற்றி, சாக்குப் போட்டு, எடை பார்த்து ஏற்றினார்கள். என் கண் மதிப்பில், நான் சொன்ன அளவைவிடச் சற்று அதிகம், ரொம்ப இல்லை. அப்படியே போனால் வண்டி ஒருவேளை தப்பித்துவிடும் என்று எனக்குப் பட்டது. தப்பித்துவிட்டால் என்ன ஆகும்? நான் சொன்னது சரியாக இருந்தும் பொய்யாகிவிடும். அதில் யாருக்கு லாபம்?

வெற்றிலை வாடாமல் இருக்க வழியில் தண்ணீர் தெளிப்பது வழக்கம். எடை போடுவது எப்போதுமே தெளிப்பதற்கு முன்னால்தான். வைக்கோலும் சாக்கும் எம்புட்டுத் தண்ணீர் குடிக்கும் என்பதை எந்த வியாபாரியும் கணக்கில் வைப்பதில்லை. மாட்டு வண்டிக்கு அது பிரச்சினையுமில்லை; கனம் தெரிந்தால் மாடு நடையைக் குறைத்துவிடும். வைகைக் கரையில் லாரியை நிறுத்தினார்கள். நைனா டீக்கடைக்குள் போனார். நான் கரையில் தண்ணீர் தெளிக்கும் கூலியாட்களிடம், “வெயில் கொளுத்துதுப்பா, மொதலாளி நல்லா நனைக்கச் சொன்னாரு” என்றேன். ஒரு தடவை ஊற்றினார்கள். போதாது என்றேன். மறுபடியும் ஊற்றினார்கள். பின்வண்டிக்கு இன்னும் வேண்டும் என்றேன். அவர்கள் பாவம், சொன்னதைச் செய்கிறவர்கள். வண்டிக்கு அடியில் தரை சேறாகிவிட்டது. இலைகள் என்னவோ பச்சைப் பசேலென்று இருந்தன.

கிளம்பியதுமே தவசிக்குத் தெரிந்துவிட்டது. அவன் நல்ல டிரைவர். “மொதலாளி, கனக்குது. பின்னாடி யாரோ தள்ளுற மாதிரி இருக்கு” என்றான்.

“பிடரி பாய் ஏறியிருக்காருல்ல, அவரு கனம்தான்” என்றார் நைனா. சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறியது.

நகரத்துக்குள் நுழைவதற்கு முன்னால் ஒரு வாய்க்கால் பாலம் உண்டு. ரோடு ஏறி, பிறகு சரிந்து இறங்கி, அடியில் வளைந்து திரும்பும். ஏற்றத்துக்கு முன்னால் நிறுத்தச் சொன்னேன்; ஒதுங்க வேண்டும், நீங்கள் போங்கள், பொடிநடையாக வருகிறேன் என்றேன். உண்மையில் மேட்டிலிருந்து பார்த்தால்தான் முழுசாகத் தெரியும். உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்கு என்ன தெரியும்?

அப்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. கணக்கில் நானும் இருந்தேன். பாரவண்டி மூட்டையின் மேல்தான் உட்கார்ந்து வந்தேன். நான் இறங்கினால் சுமை குறைகிறது. என்னை எடையே இல்லாதவன் என்றார்கள்தான். ஆனாலும் கணக்கு கணக்குதானே. பிறகு நாளைக்கு யாரும், “அவன் இறங்கினதாலதான்” என்று ஒரு நொட்டை சொல்லிவிடக் கூடாது.

ரோட்டோரம் ஒரு பெண்பிள்ளை தலையில் மூட்டையோடு நடந்துகொண்டிருந்தாள். நல்ல உடம்புக்காரி. அன்னக்கொடி என்று பின்னால்தான் பெயர் தெரிந்தது. மகள் பிள்ளை பெற்றிருக்கிறாள், பார்க்கப் போகிறேன் என்றாள்.

“வெயில்ல ஏம்மா நடக்குறே? வண்டி மதுரைக்குத்தான் போகுது, ஏறிக்க.”

“வேணாம் சாயபு, எதுக்கு ஒங்களுக்குச் சிரமம்?”

“சிரமம் என்ன, என் இடம் சும்மாத்தான இருக்கு.”

கை கொடுத்து ஏற்றிவிட்டேன். மூட்டையையும் எடுத்துக் கொடுத்தேன். “நல்லா இருப்பீக” என்றாள்.

லாரி ஏற்றத்தில் திணறி ஊர்ந்தது; நானும் பின்னாலேயே மேட்டுக்கு ஏறிவிட்டேன். அப்புறம் நடந்ததை அங்கே நின்று ஒன்று விடாமல் பார்த்தேன். தவசி இறக்கத்தின் தொடக்கத்திலேயே பிரேக்கை மிதித்தான். லாரியின் சக்கரங்கள் சுற்றுவதை நிறுத்திவிட்டன. வண்டி மட்டும் நிற்கவில்லை. நான் சொன்ன மாதிரியே பின்வண்டி தள்ளியது. லாரியின் பின்புறம் ஒரு பக்கமாக விலகியது. இரண்டும் கத்திரி மடங்குவது போல மடங்கின. பாரவண்டி முதலில் வாய்க்காலில் விழுந்தது. லாரி அதன் மேல் விழுந்தது. அந்தப் பெண் வண்டிக்கும் லாரிக்கும் நடுவில் இருந்தாள். நைனாவுக்குக் கால் போயிற்று. தவசிக்குச் சிராய்ப்பு.

ஆஸ்பத்திரிக்கு நைனாவைப் பார்க்கப் போனேன். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டுதான் போனேன். கட்டிலில் படுத்தபடி, “தவசி கள்ளு குடிச்சிருந்தான் மாப்ள, அதான்” என்றார். “மச்சான், பிடரி” என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். கால் போன பிறகும் ஒப்புக்கொள்ளாத மனிதரை என்ன செய்ய முடியும்? தெருவும் அதையே பிடித்துக்கொண்டது. குடிகாரன் ஓட்டினான், கவிழ்ந்தது, கதை முடிந்தது.

அதனால்தான் வந்தேன் ஐயா. தவசி குடிக்கவில்லை. மிதிக்க வேண்டிய இடத்தில், மிதிக்க வேண்டிய அளவுக்கு மிதித்தான். அவன் குடித்திருந்தான் என்று நீங்கள் எழுதினால் என் கணக்குக்கு அர்த்தமே இல்லை. அவனை விட்டுவிடுங்கள். தண்ணீர் ஊற்றச் சொன்னது நான். இறங்கியது நான். ஆளை ஏற்றியது நான். எதையும் மறைக்கிற பழக்கம் எனக்கில்லை.

அந்தப் பெண்ணின் மகளையும் பார்த்துவிட்டு வந்தேன். பச்சைக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, “எங்க ஆத்தாள நடக்க விடாம வண்டில ஏத்திவிட்டது நீங்கதானா சாயபு? கடைசி நேரத்துல ஒரு மனுசராச்சும் எரக்கம் காட்டினாகளே” என்று கும்பிட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது ஐயா. எங்கள் தெருவில் இத்தனை வருஷத்தில் ஒருத்தர்கூட என்னைச் சரியாகப் புரிந்துகொண்டதில்லை.