நாலு பேர் துணை

தொண்ணூற்றொன்றில் ஒருநாள், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து தண்டலம் போகும் பஸ். முன்சீட்டில் இரண்டு பெண்கள். சின்னவள் சத்தமாகவே சொன்னாள்:

“எம் புருசன நாலு பேரு தூக்கினு வந்த காலம் போயி, இப்ப நாலு பேரு காவலா இட்டுனு வராங்கக்கா.”

“இன்னாடி சொல்ற?”

“குடிய வுட்டுட்டாருல்ல. கம்பெனி வேன் சாராயக்கடைகிட்டதான் நிக்கிது. அதான் கூட வேல செய்ற நாலு பேரும் அவரோடவே எறங்கி, வூட்டு வாசல் வரைக்கும் வந்து வுட்டுட்டுப் போவாங்க. தெனம் அவங்களுக்கு டீ போட்டே என் கை ஓஞ்சிபோச்சி.”

“நல்ல மனுசங்கடி.”

“நேத்து அந்த நாலு பேருக்கும் ஓ.டி. இவரு மட்டும் தனியா எறங்கிக்கிறாரு. நான் இங்க உசிரக் கையில புடிச்சினு நிக்கிறேன்.”

பெரியவள் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தாள். “கடைக்குப் பூட்டாரா?”

“போனாருக்கா. உள்ள குந்தினு இருந்த எதிர்வூட்டு மாரியக் கையப் புடிச்சி எழுப்பி, நேரா எங்க வூட்டுக்கு இட்டாந்துட்டாரு. ‘இவனுக்கும் ஒரு டீ போடு’ன்றாரு.”

“போட்டியா?”

“சக்கரையத் தூக்கலாப் போட்டேன்.”