ஓடைக்குள் ஒரு "வாரேனுங்க"

நடுச்சாமம். காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து மலையடிவாரத்துக்குப் போகிற வண்டித்தடம். ஒரு பக்கம் நொச்சிப் புதர், மறுபக்கம் மணல் ஓடை... அந்தத் தடத்தில் தனியாக வந்தவன் காளியண்ணன். என் கூட்டாளி செங்கோடனுக்குச் சொந்தச் சின்னையன், அதாவது சித்தப்பன். ஆகவே இது சந்தைப் புளுகு இல்லை. நெருங்கி உட்காருங்கள். சுப்பையா, கதவோரம் இருக்கிறாய், நல்லா சாத்து.

பேயைச் சொல்வதற்கு முன் பட்டாளத்தைச் சொல்ல வேண்டும். நினைத்தாலே வயிறு எரிகிறது எனக்கு.

ஜப்பான்காரன் வருகிறான் என்று வெள்ளைக்காரப் பட்டாளம் அடிவாரத்தில் கூடாரம் போட்டதே, அந்த வருஷம். ராத்திரியில் பயிற்சி. சக்கரத்துக்குப் பதில் இரும்புச் சங்கிலியில் உருளும் கவச வண்டிகள். சங்கிலி வண்டி என்று நாம் பேர் வைத்தோம். முன்னால் ஒரு வண்டி. அதன் முதுகை ஒட்டிச் சில சிப்பாய்கள். இடைவெளி விட்டு அடுத்த வண்டி. வண்டி நகர்ந்தால் ஆள் நகர வேண்டும், நின்றால் நிற்க வேண்டும். குண்டு வந்தால் வண்டி வாங்கிக்கொள்ளுமாம். விளக்கு கிடையாது. சாமைக் காட்டை நசுக்கிக்கொண்டு போனார்கள், ஏனென்று கேட்க ஒரு நாதி கிடையாது.

ஓடையில் எங்கே மணல் இறுகியிருக்கும் என்று காட்ட ஆள் வேண்டியிருந்தது. மலைமேல் பைல் நாட்டிலிருந்து மிளகு மூட்டையோடு இறங்கி வந்த சின்னுசாமியைப் பிடித்துக்கொண்டார்கள். கேட்டுக் கூப்பிடவில்லை, பிடித்துக்கொண்டார்கள். சார்ஜண்டு பேசுவதைத் தமிழில் சொல்லக் காளியண்ணன் இருந்தான், பட்டாளத்துச் சம்பளத்தில். "ஓடையத் தாண்டுனதும் நீ ஊட்டுக்குப் போயிரலாம்" என்று அவன்தான் சின்னுசாமியிடம் சொன்னான்.

ஓடை நடுவில் முன்வண்டி புதைந்தது. சின்னுசாமி நொச்சிக் கிளையை ஒடித்து, வண்டிக்குப் பின்னால் குனிந்து, சங்கிலிக்கு அடியில் செருகிக்கொண்டிருந்தான். சார்ஜண்டு விசில் அடித்தான். வண்டி பின்னால் வரப்போகிறது, விலகு என்று அர்த்தம். சிப்பாய்கள் விலகினார்கள். மலைக்காரனுக்கு அந்த விசிலை எவன் சொல்லிக் கொடுத்தான்? ஒரு பயலும் இல்லை. மற்றவர்கள் விலகுவதைப் பார்த்துவிட்டு, இருட்டுக்குள்ளிருந்து குரல் கொடுத்தான்.

"வாரேனுங்க..."

இதோ வெளியே வந்துவிடுகிறேன், பொறுங்கள் என்றான் அவன். காளியண்ணன் காதில் அது வேறாக விழுந்தது. நம் பக்கம் கிளம்பும்போது எவன் போகிறேன் என்று சொல்வான்? வாரேன் என்றுதானே சொல்வான்? வீட்டுக்குக் கிளம்பிவிட்டான் என்று நினைத்துக்கொண்டான். வாய் தானாகச் சொன்னது: "சரி, போயிட்டு வா." சார்ஜண்டிடம் திரும்பி, ஆள் போயாச்சு என்றான்.

வண்டி பின்னால் வந்தது. கிர்ர்ர்... கடகடகட... நொச்சி நசுங்குகிற வாசம். நடுவில் ஒரு சின்னச் சத்தம். கிளை ஒடிகிறது என்றுதான் சிப்பாய்கள் நினைத்தார்கள்.

பயிற்சியை நிறுத்தவில்லை, தெரியுமா? வரிசை கலையக்கூடாதென்று அடுத்த வண்டியை ஓரமாக ஓட்டிப் போனார்கள். விடிந்ததும் விசாரணை. மலைக்காரன் குடித்துவிட்டுக் கிடந்தான் என்று சொல்லச் சொன்னார்கள். காளியண்ணன் சொன்னான்! வேலை போய்விடுமென்று சொன்னான். காது தவறிக் கேட்டதை நான் மன்னிப்பேன். இதை மன்னிக்க மாட்டேன்.

சின்னுசாமியின் பெண்சாதி பொன்னாயி மலையிறங்கி வந்தாள். அழவில்லை. நேராகக் காளியண்ணன் முன்னால் நின்றாள்.

"ஏனுங்க, எங்கூட்டுக்காரரு கடைசியா என்ன சொன்னாருங்க?"

"வாரேன்னு சொன்னாப்பல."

"குடிச்சவரு பேச்சுங்களா அது? நெசத்த ஊரு முன்னால சொல்லுங்க."

அவன் கூடாரத்துக்குள் நுழையப் பார்த்தான்.

"சரீங்க. அவரு வாரேன்னு சொன்னா வருவாருங்க."

அவ்வளவுதான் பேசினாள். திரும்பிப் பார்க்காமல் மலையேறிவிட்டாள்.

பட்டாளம் போயிற்று. வண்டிகளும் போயின. அதற்கப்புறம்தான் காளியண்ணன் நடுச்சாமத்தில் அதே தடத்தில் வருகிறான். ஓடைக்குப் பக்கத்தில் பெட்ரோல் வாசம்... அதோடு பச்சை நொச்சி. முதுகை ஒட்டி ஒரு காலடி. அவன் நடந்தால் நடக்கிறது. நின்றால் நிற்கிறது. வண்டிக்குப் பின்னால் சிப்பாய் நடப்பானே, அதே கணக்கு.

பிடரியில் மெதுவாக, "வாரேனுங்க..."

வாய் இருக்கிறதே, சனியன்! பிறந்ததிலிருந்து பழகிய வாய். "சரி, போயிட்டு வா" என்று சொல்லிவிட்டது.

போயிட்டு வா என்றால் வராமல் இருக்குமா? அன்றிலிருந்து தினமும் ராத்திரி அவன் வீட்டு வாசலில் அந்தக் குரல். பதில் வந்துவிடக்கூடாதென்று வாயில் துணியைத் திணித்துக்கொண்டு படுத்தான். "ஊரு முன்னால நெசத்தச் சொல்லிருங்க சின்னையா, உட்டுரும்" என்று செங்கோடன் கெஞ்சினான். நாளைக்குச் சொல்கிறேன் என்றான், அந்தக் கோழை.

மறுநாள் ஓடையில் கிடந்தான். உடம்பில் ஒரு கீறல் இல்லை. வாய்க்குள் துணி இல்லை... நொச்சித் தழை. மணலில் புதுச் சங்கிலித் தடம். அவன் வரைக்கும் வந்திருந்தது, திரும்பிப் போனதாகத் தடம் இல்லை.

அதனால்தான் சொல்கிறேன். ராத்திரியில் முகம் தெரியாமல் எவனாவது வாரேனுங்க என்றால் வாயை மூடிக்கொண்டு...

சுப்பையா. இங்கே ஒருவரும் எழுந்து போகவில்லையே. கதவுப் பக்கம் திரும்பி, இப்போது யாருக்கடா "போயிட்டு வா" என்றாய்?