பாசிக்கு ஓர் இடம்

வன ஆராய்ச்சி அலுவலகத்தில் என் மேசை கழிப்பறைக்குப் பக்கத்தில் இருந்தது. பதினோரு வருடத்தில் அதைப் பற்றி நான் ஒருமுறைகூட முறையிட்டதில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். என்னைப் பொறாமைக்காரன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

ஜன்னலோர அறை என் மனைவியின் தம்பிக்கு. அவன் குருவிக்காரன், நான் பாசிக்காரன். குளத்தில் வழுக்குகிற பாசி அல்ல. பாறையில் மெத்தென்று படரும் தாவரம். பூ இல்லை, விதை இல்லை, வேர் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. நான் ஆராய்ந்த வகை உலகத்திலேயே ஒரே பாறையில்தான் இருந்தது, இரண்டு போர்வை அகலத்துக்கு. அதே காட்டில் அவனுடைய பாட்டுக்குருவிகள் பதினான்கு மிச்சம். அவற்றுக்கு முதுகெலும்பு உண்டு, குரல் உண்டு. அருகிவரும் உயிரினங்களின் பட்டியலில் அவற்றுக்கு ‘அழிவின் விளிம்பில்’ என்று போட்டார்கள். காட்டைச் சுற்றி வேலியும் காவலும் வந்தன. என் பாசிக்கு ‘போதிய தகவல் இல்லை’. நான்கு முறை விண்ணப்பித்தேன். நான்கு முறையும் அதே மூன்று சொற்கள்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் குருவிகள் கூட்டுக்கு மெத்தை போட என் பாசியையே உரித்துக்கொண்டு போயின. அவனிடம் சொன்னபோது சிரித்தான்.

“பாசி திரும்ப வளந்துடும் அத்தான். குருவி போனா வருமா?”

ஒரு விரற்கடை வளர அதற்கு ஆறு வருடம் ஆகும்.

கூடுகள் இருக்கும் இடம் அவனுடைய வரைபடத்திலேயே இருந்தது. அவன் கூட்டங்களுக்குப் போன நாட்களில் பிளாஸ்க்கில் வெந்நீர் கொண்டுபோனேன். முட்டைகளைப் பத்து நிமிடம் அதில் போட்டு, ஆறியதும் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தேன். ஒன்றுகூட உடையவில்லை. பதினைந்து நாள் அடைகாக்க வேண்டிய தாய்க்குருவிகள் நாற்பது நாள் உட்கார்ந்திருந்தன. நான்கு பருவம் அப்படிச் செய்தேன்.

“எல்லாமே எப்படி அத்தான் கூமுட்டையாப் போகும்?” என்று எங்கள் சமையலறையில் உட்கார்ந்து அழுதான். நான்தான் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

போன வருடம் கடைசி ஆண்குருவி சில வாரம் தனியாகப் பாடியது. பிறகு அதுவும் இல்லை. இனிக் காக்க ஒன்றுமில்லை என்று வேலியை எடுத்துவிட்டார்கள். ஆட்கள் வந்தார்கள், பாறையைச் சுரண்டிப் பெயர் எழுதினார்கள். இப்போது உள்ளங்கை அகலப் பாசி மிச்சம்.

அவன் மரத்தில் கட்டி மறந்துபோன கேமராவில் இருப்பது நான்தான். மறுக்கவில்லை. ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள்: இந்த வருடப் பட்டியலில் என் பாசிக்கு ‘அழிவின் விளிம்பில்’ என்று போட்டிருக்கிறார்கள். அந்த இடத்தை அதற்கு வாங்கிக்கொடுத்தவன் நான்.