ஈரல் கட்டியும் குடிகாரிப் பட்டமும்

பூண்டுலோயா பஸ்ஸில் மனிதர்களை மூட்டைபோல் திணிக்கிறான்கள். எனக்கு முன்சீட்டில் கிளினிக் போய்த் திரும்பும் இரண்டு தோட்டப் பெண்கள்.

“ஈரல்ல கட்டின்னதும், நான் திருட்டுத்தனமா குடிக்கிறேன்னு லயத்துல அத்தன வீடும் பேசுது அக்கா.”

“கேன்சர் இல்ல, கர்ப்பத்தடை மாத்திரையால வந்திருக்கலாம், நிப்பாட்டுனா சுருங்கலாம்னுதானே டாக்டர் சொன்னாரு? அதச் சொல்லேன்டி!”

“பேரன் வேணும்னு கோயில் கோயிலா சுத்துற மாமியார்கிட்டயா? குடிக்கிறேன்னே ஒத்துக்கிட்டேன்.”

“அடிப்பாவி! அவங்க என்ன செஞ்சாங்க?”

“எங்க வீட்டுக்காரரு வச்சிருந்த சாராயத்த எல்லாம் சாக்கடக் கானுல ஊத்திட்டாங்க. மனுசன் அழுதுட்டாரு.”

“சரி, மாத்திரையும் இல்லாம இனி என்ன செய்வ?”

“ஒண்ணும் செய்ய வேணாம். குடிகாரிகூடப் படுக்காதேன்னு, மாமியாரே அவரு பாய எடுத்துக் குசினியில அடுப்புப் பக்கத்துல போட்டுட்டாங்க.”