பட்டன் அம்மாவைத் தேடி வந்த பெண்

சமூகப்பணியில் முதுகலை படித்தவனுக்கு வேலை கிடைக்காது என்று சொல்கிறார்கள். அது பொய். வேலை கிடைக்கும். ஒன்று போனால் இன்னொன்று கிடைத்துக்கொண்டே இருக்கும். ஒன்றும் தங்காது என்பதைத்தான் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

உங்களுக்கு இது தெரியாததல்ல. நீங்களும் அதே படிப்புதான் என்று வெளியே உட்கார்ந்திருந்த காவலர் சொன்னார். விசாரணை அலுவலர் என்றொரு பதவி நம் படிப்புக்கு உண்டு என்பது எனக்குத் தெரியாமல் போய்விட்டது, மேடம். கடைசி வருஷத்தில் எங்கள் பேராசிரியர் ஒருவர் பலகை நிறைய எழுதிப் போட்டார். மருத்துவமனை, பள்ளி, சிறைச்சாலை, தொழிற்சாலை, தொண்டு நிறுவனம் என்று இடம் போதாமல் ஓரத்தில் செங்குத்தாகவெல்லாம் எழுதினார். "இவ்வளவு கதவு வேற எந்தப் படிப்புக்கும் திறக்காது" என்றார். அவரே அந்தக் கல்லூரியில் தற்காலிகம்தான் என்பது அடுத்த வருஷம் அவரைக் காணாதபோது தெரிந்தது.

அவர் எழுதிய கதவுகளில் பாதிக்குமேல் நான் நுழைந்து வெளியே வந்திருக்கிறேன். தொழிற்சாலையில் நலவாழ்வு அலுவலராக இருந்தேன். ஆட்குறைப்பு என்றால் தொழிலாளியை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, மனம் நோகாமல் சொல்லவேண்டும். கடைசியில் எனக்கு யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். பிறகு வீடுவீடாகப் போய், கழிப்பறை இருக்கிறதா, இருந்தால் அதில் போகிறீர்களா என்று கேட்டேன். பிறகு பள்ளிக்கூடத்தில் மாணவர் ஆலோசகர். கணக்கு வாத்தியார் விடுப்பு எடுத்த நாளெல்லாம் நான் பெருக்கல் வாய்ப்பாடு ஒப்பிக்க வைத்தேன். ஒவ்வொரு இடத்திலும் ஒரு நாள் "திட்டம் முடிந்தது" என்று சொல்லிவிடுவார்கள். பிரச்சினை அப்படியே இருக்கும், திட்டம்தான் முடியும். வாசலில் நோயாளி நிற்கும்போதே மருந்துக் கடையைச் சாத்துவது எங்கள் துறையில் மட்டும்தான்.

என் மனைவி தபால் நிலையத்தில் எழுத்தர். அவளுடைய தம்பிக்கு டயர் கடை. குடும்பமாக உட்கார்ந்தால் என் படிப்புதான் அவனுக்குத் தொட்டுக்கொள்ள.

"நல்லது பண்றதுக்குப் படிக்கணுமா மச்சான்? அப்ப நாங்க படிக்காம பண்ற நல்லதெல்லாம் போலி சரக்கா?" என்பான். இன்னொரு நாள், "எங்க வீட்டு நிலவரம் என்னன்னா, அக்கா பர்மனென்ட், மச்சான் கான்ட்ராக்ட்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவள் சிரிப்பை நிறுத்தினாள் பாருங்கள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இதைக் காரணமாகச் சொல்லவில்லை. பின்னணியாகச் சொல்கிறேன். நாம் எழுதுகிற அறிக்கைகளில் பின்னணி என்று ஒரு பகுதி உண்டல்லவா.

காப்பகத்துக்கு வந்தபோது எனக்கு நாற்பத்து நான்கு வயது. தெருவில் தனியாகத் திரிந்த, ஊர் பேர் சொல்லத் தெரியாத பெண்களைக் கொண்டுவந்து வைக்கிற இடம் அது. என் பதவிக்குப் பெயர் மறுஇணைப்பு அலுவலர். அவர்களுடைய குடும்பத்தைத் தேடிப் பிடித்து வீட்டுக்கு அனுப்பிவைக்க வேண்டும்.

எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் ஒரு இளம்பெண் இருந்தார். துடிப்பானவர், நம் படிப்புதான். ஊர் ஊராக அலைந்து, ஒவ்வொருவராகச் சேர்த்துவைத்து, ஒரு வருஷத்தில் பாதிக் காப்பகத்தைக் காலி செய்துவிட்டார். படுக்கைக்கு இவ்வளவு என்று நன்கொடை வருகிற இடம் அது. ஆண்டு விழாவில் அவருக்குக் கேடயம் கொடுத்தார்கள். அடுத்த மாதம் ஆள் குறைந்துவிட்டது என்று பதவியை எடுத்துவிட்டார்கள். படுக்கைகள் மறுபடி நிரம்பிய பிறகுதான் எனக்கு வேலை வந்தது. அவர் கேடயத்தோடு சிரிக்கிற படம் என் மேசைக்கு எதிரில் மாட்டியிருந்தது. தினமும் பார்ப்பேன். கல்லூரியில் நடத்தாமல் விட்ட பாடம் அது.

பட்டன் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். பேருந்து நிலையத்தில் கண்டெடுக்கப்பட்டவர். பெயர் கேட்டால் யோசிப்பார். ஊர் கேட்டால் அழுவார். ஆனால் யாருடைய சட்டையில் பட்டன் தொங்கினாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. ஊசியும் நூலும் இடுப்பில் ஒரு சுருக்குப் பையில் இருக்கும். ஆளைப் பிடித்து நிறுத்தி, நின்ற நிலையிலேயே தைத்து, நூலைப் பல்லால் கடித்து அறுப்பார். "எம் பொண்ணு மூணாங்கிளாஸ் படிக்கிறா, சாயங்காலம் வந்துருவா" என்று தைக்கும்போது சொல்வார். அவ்வளவுதான் அவருடைய வரலாறு.

பார்வையாளர்களுக்கு அவர் என்றால் உயிர். எங்கள் காப்பகத் தலைவர் பேச ஆரம்பித்தால் கருணை என்கிற சொல்லே களைத்துப்போய் உட்கார்ந்துவிடும். அந்தப் பேச்சுக்கு அசையாதவர்கள்கூட இந்த அம்மா நூலைக் கடிக்கும்போது கண்ணைத் துடைப்பார்கள். போகப் போக, பெரிய மனிதர்கள் வீட்டிலேயே ஒரு பட்டனைத் தளர்த்திக்கொண்டு, கூடவே புகைப்படக்காரரையும் கூட்டிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். சிமென்ட் வியாபாரி ஒருவர் அப்படி வந்து, தைத்து முடிப்பதற்குள் புதுக் கட்டடம் கட்டித் தருவதாகச் சொல்லிவிட்டார்.

தலைவர் என்னை அழைத்தார். "கட்டடம் வந்துட்டா உங்க போஸ்ட் பர்மனென்ட். நானே கையெழுத்துப் போடறேன். அந்த அம்மாவ மட்டும் பத்திரமா பாத்துக்குங்க" என்றார். வேறு எதுவும் அவர் சொல்லவில்லை. அவரைக் குற்றம் சொல்லாதீர்கள். பார்த்துக்கொள்ளுங்கள் என்றார், பார்த்துக்கொண்டேன்.

அந்த மாதமே மகள் வந்தாள்.

துணிக்கடையில் பில் போடுகிற பெண். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. அந்த ஒரு நாளில் ஒவ்வொரு காப்பகமாக, மருத்துவமனையாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறாள். சின்ன வயதில் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வீடு திறந்து கிடந்ததாம், அம்மாவைக் காணோமாம். அன்றிலிருந்து தேடுகிறாள். ஆலோசனை அறையில் உட்காரவைத்தேன். குறுக்கே பேசாமல் கேட்டேன். கேட்பது ஒரு கலை, எனக்கு அது நன்றாக வரும்.

"எங்க அம்மா தையல் கடையில காஜா எடுத்து பட்டன் தெப்பாங்க சார். எங்க போய் உக்காந்தாலும் யாரு சட்டையில பட்டன் தொங்குதுன்னுதான் பாப்பாங்க. ரோட்டுல போற ஆள நிறுத்தி தெச்சு விடுவாங்க. எனக்கு மானம் போகும்" என்றாள். சிரிக்க முயற்சி செய்தாள்.

எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. அந்தத் தாடையும் அந்த நெற்றியும் போதும். சுவருக்கு அந்தப் பக்கம்தான் அம்மா இருந்தார்.

இரகசியம் காத்தல் என்பது நம் தொழிலின் அடிப்படைக் கொள்கை. தேர்வில் அதற்கு நான் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அன்றைக்கு அது கைகொடுத்தது.

"இங்க யாரு இருக்காங்க, இல்லைன்னு வெளியாளுக்குச் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லம்மா" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். "சரிங்க சார். இருக்காங்கன்னு நீங்க சொல்ல வேணாம். இருந்தா, சாப்பிட்டாங்களான்னு மட்டும் சொல்லுங்க."

காகிதக் கைக்குட்டைப் பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினேன்.

அவள் வெளியே போகும்போது பட்டன் அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்திருக்கிறார். என்னைக் கூப்பிட்டார். "அந்தப் பொண்ணு சட்டைக் கையில பட்டன் தொங்குது சார். கூப்பிடுங்க, ஒரு நிமிசம். தெச்சு அனுப்பிடறேன்."

"அவங்க போயிட்டாங்கம்மா" என்றேன். அவள் அப்போது வெளிவாசலைத் தாண்டியிருக்கவில்லை.

கட்டடம் முடியும்வரை தள்ளிப்போடலாம் என்றுதான் நினைத்தேன். தள்ளிப்போடுவது வேறு, மறுப்பது வேறு. ஆனால் ஒவ்வொரு விடுமுறைக்கும் அவள் வந்தாள். வாசலில் நின்று காவலாளியிடம் பேச்சுக் கொடுத்தாள். அவன் வாய் ஓட்டை வாய். இப்படியே விட்டால் விஷயம் என் கையில் நிற்காது. அதோடு, அவள் இளைத்துக்கொண்டே வந்தாள். இருக்கிறார்களா இல்லையா என்று தெரியாத துக்கம்தான் மனிதனை உள்ளிருந்து அரிக்கும் என்று நாம் படித்திருக்கிறோம். தேடுகிறவருக்கு ஒரு முடிவு வேண்டும். அந்த முடிவை நான் கொடுத்தேன்.

அம்மா இறந்துவிட்டார் என்று சொன்னேன். இங்கே கொண்டுவரப்பட்டார், காய்ச்சலில் போய்விட்டார், உரிமை கோர யாரும் வரவில்லை என்று வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற மாதிரி மெதுவாகச் சொன்னேன். கஷ்டப்பட்டாரா என்று கேட்டாள். இல்லை என்றேன். அது உண்மை.

பொது இடுகாட்டுக்கு நானே அழைத்துப் போனேன். ஆதரவற்றவர்களைப் புதைக்கிற மூலையில் பெயர்ப் பலகை கிடையாது. எது என்று கேட்டாள். முள் அதிகம் இல்லாத மேடாகப் பார்த்துக் காட்டினேன். அவள் உட்கார வசதியாக இருக்கட்டும் என்று.

அதற்குப் பிறகு அவளுக்குத் துக்க ஆலோசனை கொடுத்தேன். என் வேலையில் அது சேராது. என் சொந்த நேரத்தில், காப்பகத்துக்கு வெளியே வைத்துக் கொடுத்தேன். வாரம் தவறாமல் வந்தாள். முதலில் அழுதாள், பிறகு என்னைக் கோபித்தாள், பிறகு தன்னைக் கோபித்தாள். பாடப்புத்தகத்தில் இருக்கிற வரிசை மாறவில்லை. சில மாதங்களில் சாப்பிட ஆரம்பித்தாள். சாயங்காலங்களில் தையல் கற்றுக்கொண்டாள். "நீங்க இல்லன்னா நான் இன்னும் தெருத்தெருவா சுத்திக்கிட்டு இருப்பேன் சார்" என்றாள். என் இத்தனை வருஷப் பணியில் முழுதாகக் குணமான ஒரே ஆள் அவள்தான்.

இன்னொரு பக்கம் அம்மாவுக்கும் குணமாக ஆரம்பித்தது. மனநோய்க்கு மருத்துவர் கொடுத்துவந்த மாத்திரை வேலை செய்தது. ஒரு நாள் காலையில் என் மேசைக்கு வந்து நின்றார். "எம் பொண்ணு மூணாங்கிளாஸ் இல்ல சார். அது அப்ப. இப்ப அவளுக்குக் கல்யாண வயசு ஆயிருக்கும்ல?" என்றார். அப்புறம் ஊர் சொன்னார். தெரு சொன்னார். தையல் கடை எதிரே தண்ணீர்த் தொட்டி என்றார்.

கட்டடத்துக்குக் கூரை போட்டுக்கொண்டிருந்த நேரம் அது.

எங்கள் மருத்துவர் ஒரே காலையில் மொத்தக் காப்பகத்தையும் பார்த்து முடிக்கிறவர். நோயாளி எப்படி இருக்கிறார் என்பதை என்னிடம்தான் கேட்பார். அம்மா தூங்குவதில்லை, கத்துகிறார், இல்லாத ஊரைச் சொல்கிறார் என்றேன். அவர் மருந்தைக் கூட்டினார். அடுத்த வாரமும் அதையே சொன்னேன். அவர் மறுபடியும் கூட்டினார். ஊர் போயிற்று, தெரு போயிற்று. கூடவே கையும் நடுங்க ஆரம்பித்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. நூல் கோர்க்க முடியாமல் ஊசிக்காதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் கோர்த்துக் கொடுப்பேன். பெற்ற பிள்ளைகூட அவ்வளவு பொறுமையாகச் செய்யாது.

கட்டடத் திறப்பு விழாவன்று காலையில் என் நிரந்தரப் பணி ஆணை கைக்கு வந்தது. என் மனைவியும் அவள் தம்பியும் முன்வரிசையில் இருந்தார்கள். "இனிமே உங்கள அசைக்க முடியாது மச்சான்" என்று அவன் என் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

அப்போது ஒரு வண்டியில் தையல் இயந்திரம் வந்து இறங்கியது. கூடவே அந்தப் பெண் இறங்கினாள். தலைவரோடு அவளே பேசி ஏற்பாடு செய்திருக்கிறாள், எனக்குத் தெரிய வேண்டாம், நான் சந்தோஷப்பட வேண்டும் என்று. இயந்திரத்தின் பலகையில் மஞ்சள் வண்ணத்தில் எழுதியிருந்தது: 'அம்மாவின் நினைவாக'.

தலைவருக்கு ஒரு மேடை கிடைத்தால் விடமாட்டார். "இத நம்ம பட்டன் அம்மாவே தொடங்கி வைக்கட்டும்" என்றார். இரண்டு பேர் கைத்தாங்கலாக அழைத்து வந்து இயந்திரத்தின் முன்னால் உட்காரவைத்தார்கள்.

அந்தப் பெண் இயந்திரத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "அம்மா" என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை, சட்டையைப் பார்த்தார். ஒவ்வொரு பட்டனாகத் தொட்டுப் பார்த்தார். "எல்லாம் கெட்டியா இருக்கு. யாரு தெச்சது?"

"நான்தாம்மா."

"எம் பொண்ணுக்கும் சொல்லித்தரணும். மூணாங்கிளாஸ் படிக்கிறா" என்றார்.

அவள் அழவில்லை. என்னிடம் வந்தாள். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். "அப்ப நான் யாருக்கு சார் அழுதேன்?" என்று மட்டும் கேட்டாள். நியாயமான கேள்வி. அந்த மேட்டுக்குக் கீழே இருப்பது யார் என்று எனக்கும் தெரியாது. யாரும் இல்லாத ஒருவருக்கு ஒரு வருஷம் ஒருத்தி உட்கார்ந்து அழுதிருக்கிறாள். யோசித்துப் பார்த்தால் அதுவும் ஒரு சேவைதான்.

எல்லாம் நான் செய்ததுதான், மேடம். உயிரோடு இருந்த அம்மாவை மகளுக்குச் சாகடித்தேன். தெளிந்துவந்த தாயை மறுபடி மறக்கவைத்தேன். மருத்துவருக்கும் தலைவருக்கும் காவலாளிக்கும் ஒன்றும் தெரியாது. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். விழா முடிந்ததிலிருந்து அவள் ஒரு வார்த்தை பேசவில்லை, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்கிறீர்கள். இது இரண்டாவது இழப்பு, முதலாவதைவிடக் கடுமையாக இருக்கும். அனுபவம் இல்லாதவர்கள் பேசினால் காரியம் கெட்டுவிடும். என்னிடம்தான் அவள் மனம்விட்டுப் பேசிப் பழகியிருக்கிறாள். ஒரு மணி நேரம் அனுமதி கொடுங்கள், பேசிப் பார்க்கிறேன். பாவம், அந்தப் பெண்ணுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்.